பட்டம் மறுத்தனர், மருந்து தந்தார்!

சடையங்குப்பத்தில், மணலியின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வாழும் தோழர்களுக்கு மூச்சின் அருமையை நாம் சொல்லித்தரத் தேவையில்லை. நெஞ்சிலே சளி கட்டி, காய்ச்சல் கொதிக்கும்போது, மருத்துவர் எழுதித்தந்த டாக்சிசைக்ளின் மாத்திரையை அவர்களில் சிலர் விழுங்கியிருக்கலாம். அந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளையை ஈன்ற ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர், நம் சென்னையிலே படித்தவர் என்பதை எத்தனை பேர் அறிவர்?

எல்லாப்பிரகத சுப்பாராவ்! 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். வறுமையோடு போராடியே, சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரேயுள்ள சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கதராடை அணிந்தார், வெள்ளைக்கார அறுவைப் பேராசிரியர் வெகுண்டார். அறிவை எடைபோட வேண்டியவர் ஆடையை எடைபோட்டார்! எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

1923-இல் பாஸ்டன் நகரம். பகலிலே படிப்பு, இரவிலே மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலை. கழுவிய அந்தக் கைதான், ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, தசைக்கு ஆற்றல் ஊட்டும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929-இல் பிரித்துக் காட்டிற்று. துறைமுகத்திலே மூட்டை தூக்கும் தோளுக்கு வலுவூட்டுவதும் அதுவே! அப்படியிருந்தும் ஹார்வர்டு நிலையான பதவி தரவில்லை.

1940-இல் லெடர்லி நிறுவனம் சென்றார், ஆய்வுத் தலைவரானார். வயதாகிவிட்டதென்று பல்கலைக்கழகம் ஓய்வளித்த டக்கர் என்ற அறிஞர் அங்கே மண்ணை ஆராய்ந்தார். மிசௌரி வயலின் மண்ணிலிருந்து வந்த ஒரு நுண்ணுயிர், பொன்னிற மருந்தொன்றைத் தந்தது. அதுதான் ஆரியோமைசின். கிருமி புரதம் செய்யும் பட்டறையை அது இழுத்து மூடிவிடும். கிருமி பெருக வழியில்லை. பென்சிலினுக்கு அடங்காத ஒருவகை நிமோனியா இதற்கு அடங்கிற்று. 1948-இல் உலகம் அதை அறிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதிலே, சுப்பாராவ் மறைந்தார்.

1994-இல் சூரத்தில் நுரையீரல் பிளேக் பீதி கிளம்பியபோது, மக்கள் தேடி ஓடியது அந்தக் குடும்பத்து டெட்ராசைக்ளினைத்தான்!

புகையை ஒழிக்க மாத்திரை இல்லை. அது வேறு போராட்டம். ஆனால் உடையைப் பார்த்து, ஊரைப் பார்த்து மாணவனுக்குக் கதவடைப்போர், எத்தனை பேரின் மூச்சை அடைக்கிறோம் என்று அறியார். நாளை சடையங்குப்பத்துப் பிள்ளை அதே கல்லூரி வாயிலில் வந்து நிற்பான். கதவு திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கச் செய்வது நம் கடமை!