தமக்கென ஒன்றும் வையாதவர்: அருள்தொண்டர் ரிங்கல்தௌபேயின் வாழ்வு

செல்வத்தைப் பற்றிப் பேசாத சமயம் உலகில் இல்லை. ஆயினும், செல்வம் கடவுளின் கொடை எனின், அக்கொடை சிலர் வீட்டில் மட்டும் குவிவதேன், பலர் வீட்டு வாயிலை எட்டியும் பாராததேன் என்னும் வினா, நம்போன்ற எளிய மக்களின் உள்ளத்தில் எழாதிருக்க இயலாது. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இவ்வினாவிற்கு விடை தேட முற்படும் நாம், அறிவுரை எதனையும் கூறாமல், ஒரு பெரியாரின் வாழ்வை எடுத்துரைக்க விழைகிறோம்.

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1770ஆம் ஆண்டு, அந்நாளில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த சைலீசியா நாட்டில் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1797இல் இறைத்தொண்டராகக் கல்கத்தா வந்து, ஈராண்டுகளில் திரும்பிச் சென்றார். பின்னர் இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் மீண்டும் கப்பலேறி, 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அங்குத் தங்கித் தமிழ் கற்றார். அவருடைய குடும்பப்பெயர் ஜெர்மன் மொழியில் ஒருவகைக் காட்டுப்புறாவைக் குறிப்பதாகும். விதையாமலும் அறுவடை செய்யாமலும் வாழும் வானத்துப் பறவைகளை இயேசு பெருமான் தம் சீடர்க்கு எடுத்துக்காட்டினார் அல்லரோ? அப்போதனைக்கு ஏற்ற வாழ்வாகவே இவர் வாழ்வும் அமைந்தது.

இவரைத் தெற்கே அழைத்தவர் எவரேனும் சிற்றரசரா, செல்வரா? அல்லர். நாஞ்சில்நாட்டு மயிலாடியில் சாம்பவர் குலத்திற் பிறந்த ஒருவரே அழைத்தார். மகராசன் என்பது அவர் பெயர். பெயரில் மட்டுமே அரசு இருந்தது. அந்நாளைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் தலைவரி செலுத்தினர். கூலியின்றி ஊழியம் செய்தனர். மனிதரை அடிமைகளாக வைத்திருக்கும் வழக்கமும் இருந்தது. அவ்வடிமைமுறை 1855இல்தான் அரசாணையால் ஒழிக்கப்பெற்றது. மகராசன் ஆன்ம அமைதி நாடி 1799இல் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். நாடியது ஆங்குக் கிட்டவில்லை. தஞ்சையில் கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டு, திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். தம் சுற்றத்தாரையும் அந்நெறிக்கு அழைத்தார். தம் மக்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென அவர் விடுத்த வேண்டுகோளே ரிங்கல்தௌபேயைத் தெற்கே கொணர்ந்தது.

தொப்பூர்க் கணவாயின் அருகே வாழும் நமக்கு மலைவழியின் அருமை தெரியும். ரிங்கல்தௌபேயும் 1806 ஏப்ரலில் ஒரு கணவாயைக் கடந்தே, அதாவது ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தே, மயிலாடியை அடைந்தார். ஆங்கு ஆலயம் கட்ட அரசின் இசைவு எளிதில் கிடைக்கவில்லை. ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலேயின் துணையோடு, 1809ஆம் ஆண்டில் ஆலயம் எழுந்தது. பள்ளியும் தோன்றியது.

இனி, அவர் பொருளைக் கையாண்ட முறையைக் காண்போம். இலண்டன் சங்கம் அவருக்கு ஊதியம் அளித்தது. அது வந்த விரைவிலேயே ஏழைகளுக்கும் தொண்டின் பிற செலவுகளுக்கும் போய்விடும். அவர் குடியிருந்தது ஊர்மக்களின் குடிசையினும் சிறிதே மேலான ஒரு சிறு வீடு. ஒரு கட்டிலும் ஓரிரு முக்காலிகளுமே அதிலிருந்த தட்டுமுட்டுப் பொருள்கள். அவர் அணிந்த ஆடைகளுள் ஐரோப்பாவில் நெய்தது அரிது. பாளையங்கோட்டைக்குச் செல்லுங்கால் நண்பர் எவரேனும் கொடுத்தாலன்றி, மேற்சட்டையும் இராது.

பாலைவனத்தில் இசுரவேல் மக்களுக்கு வானிலிருந்து மன்னா என்னும் உணவு பொழிந்த வரலாற்றை விவிலியம் கூறுகிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அவர்கள் திரட்டினர். மறுநாளைக்கெனப் பதுக்கியது புழுத்துப்போயிற்று. ரிங்கல்தௌபே அவ்வரலாற்றைத் தம் வாழ்வின் சட்டமாகவே கொண்டார் எனலாம். தம் கைக்கு வந்தது தம்முடையதன்று, தம் கை வழியே பிறருக்குச் செல்லவேண்டியது என்பதே அவர் நடத்தை உணர்த்தும் பாடம்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் முறையன்று. வரிச்சுமையும் ஊழியச்சுமையும் குறையும் என்னும் நம்பிக்கையுடன் பலர் அவரிடம் வந்தனர். உலக நன்மை கருதி வருவோரைக் குறித்து அவர் மனம் வருந்தினார். அத்தகைய வாக்குறுதி அளிக்கவும் மறுத்தார். அவர் நேர்மையை நாம் போற்றுகிறோம். ஆயினும் வந்தவர்களைப் பேராசைக்காரர் எனப் பழிக்க நம் மனம் ஒருப்படவில்லை. தலைக்கு வரி கொடுத்தவன் அவ்வரியினின்று விடுபட விரும்பியது பேராசை ஆகுமா? தானே விரும்பி ஏற்ற வறுமை வேறு. பிறர் தலையில் சுமத்திய வறுமை வேறு. முன்னது துறவு, பின்னது அநீதி. ரிங்கல்தௌபே மேற்சட்டையைத் துறந்தார். துறப்பதற்குச் சட்டையே இல்லாதவனிடம் துறவைப் பற்றிப் பேசுதல் அறமாகாது.

ஆகவே அவர் தமக்கென எதையும் சேர்க்காதிருந்தும், அம்மக்களுக்கென ஒன்றைச் சேர்த்துவைத்தார். அது கல்வி. மன்னாவைப்போல் அது புழுப்பதில்லை. பகிரப் பகிரப் பெருகுவது. உடல்நலம் குன்றிய நிலையில், 1816இல் சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்து அவர் புறப்பட்டார். சென்னையில் அவரைக் கண்டவர்கள், மேற்சட்டையின்றி, நாட்டு ஓலைத் தொப்பியுடன் நின்ற ஓர் எளியவரையே கண்டனர். பின் கிழக்கே மலாக்கா நோக்கிக் கடற்பயணம் மேற்கொண்டார். அதற்கப்பால் அவரைப் பற்றிய செய்தி இல்லை. கல்லறையும் இன்ன இடத்தில் என்று காட்டுவார் இல்லை.

ஆனால் மயிலாடியில் இட்ட வித்து மடியவில்லை. அடுத்து ஓர் ஐரோப்பியத் தொண்டர், மீட் ஐயர், 1818இல் வரும்வரை அச்சபையை வேதமாணிக்கமே காத்தார். ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த ஒருவர் பொறுப்பேற்று நடத்திய காலம் அது என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது. கல்விப்பணி பின்னர் நாகர்கோயிலில் தழைத்தது. 1893இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்த ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தன் வேரை 1809ஆம் ஆண்டின் மயிலாடிப் பள்ளியிலேயே காண்கிறது.

நம் சங்கம் தொடங்கிய நாளில், காசு கொடுக்க இயலாத தாய்மார்கள் முந்தானையில் முடிந்துவந்த கேழ்வரகைக் கொடுத்தனர். அதைப் பெற்றுக்கொண்டபோது நம் கண்கள் கலங்கின. கடவுள் தருவார் என்பதன் பொருளை அன்றே நாம் உணர்ந்தோம். அவர் வானத்திலிருந்து எறிவதில்லை. மனிதர் கைகளின் வழியாகவே தருகிறார். கையை மூடிக்கொள்வோன் அக்கொடைக்கு அணை கட்டுகிறான்.

இச்சங்கத்தால் கல்வி பெற்று இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஊதியம் பெறும் எம் மாணாக்கரே! ஈட்டுங்கள், நன்கு உண்ணுங்கள், நல்லாடை உடுத்துங்கள். அவை உங்கள் முன்னோர்க்கு மறுக்கப்பட்டவை. அதன்பின், உங்களுக்கடுத்துப் பள்ளி வாயிலில் நிற்கும் குழந்தையை எண்ணிக் கையைத் திறந்துவையுங்கள். சங்கம் ஓங்குக! கல்வி பரவுக!