சென்னிகுளத்துப் பாட்டுக்காரர்

வன்னியிற் பிறந்தவனுக்குக் குளம் என்று முடியும் ஊர்ப்பெயர் எதுவும் அயலூராகத் தோன்றாது. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம் என்று சொல்லிப் பழகிய வாய் எங்களுடையது. ஆதலால், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலன்று காவடிகளின் பின்னே ஓடித் திரிந்த சிறு வயதில், பாட்டின் முடிவில் வந்த சென்னிகுளம் என்னும் பெயரை எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் என்றே நம்பியிருந்தேன். முத்தையன்கட்டுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது என்று காவடிக்குப் பாடும் அப்பு ஒருவர் சொல்லவும் செய்தார். அவரே அதை முற்றாக நம்பியிருந்தார் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே கண்டேன்.

சென்னிகுளம் கடலுக்கு அப்பால் உள்ளது. பழைய திருநெல்வேலிச் சீமையில், கரிவலம்வந்தநல்லூருக்கு அருகே அமைந்த உழவர் ஊர். அங்கே 1860களில் சென்னவ ரெட்டியாருக்கும் ஓவு அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். காவடிச்சிந்தின் தந்தை என்று தமிழுலகம் போற்றுவது இவரைத்தான்.

ஆயினும், சிந்து பாடிப் பெயரெடுக்க வேண்டும் என்று இவர் புறப்பட்டதாக நான் கருதவில்லை. அக்காலத்தில் தமிழ் கற்ற இளைஞன் ஒருவன் கனவு காணக்கூடிய பெருமை வேறு. சேற்றூர் இராமசாமிக் கவிராயரிடம் பயின்ற இவர், பின்னர் திருவாவடுதுறைக்குச் சென்றார். சுப்பிரமணிய தேசிகர் ஆதீனத் தலைவராக விளங்கிய காலம் அது. அங்கே இவருக்குப் பாடம் சொன்னவர்களுள் உ. வே. சாமிநாதையரும் ஒருவர். இத்தகைய இடத்திற் பயின்றவர் அந்தாதியும் கோவையும் தலபுராணமும் பாடுவதே முறை, இவரும் பாடினார். கருவை மும்மணிக்கோவை, சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதி, வீரைத் தலபுராணம் என்பன இவர் செய்த நூல்கள். திரிபந்தாதி பாடுதல் எளிய காரியமன்று. நான்கடிகளிலும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அடுத்துவரும் எழுத்துக்கள் ஒன்றாகவே நின்று, ஒவ்வோரடியிலும் வெவ்வேறு பொருள் தரவேண்டும். அதற்கு மேல், ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகவும் அமைய வேண்டும். கல்வியும் பொறுமையும் ஒருங்கே உள்ளவர்க்கே அது கைகூடும். அந்நூல்களை இன்று புலவரன்றிப் பிறர் விரித்துப் படிப்பது அரிது.

ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் இவரை ஆதரித்துத் தம் அவைப் புலவராக்கினார். அவர் அரண்மனை இருந்த ஊர் வீரகேரளம்புதூர். புலவர் வாக்கில் வீரை. தேவர் முருகனடியார். அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைக்கெனப் பாடப்பட்டவையே அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துகள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தலபுராணத்தைப் போல அவையிலே அமர்ந்து கேட்கும் பாட்டு அன்று இது. வெயிலிலே காவடியோடு கூட நடக்கும் பாட்டு.

காவடி தூக்கியவர்க்கு இதன் அருமை புரியும். தோளிலே வளைந்த மரமும் மயிற்பீலியும் கனக்கும், கால் சுடும், மூச்சு இரைக்கும். அந்நிலையில் நெடிய விருத்தம் உதவாது. சிறு சிறு துண்டாக ஓடி, ஒத்த ஓசையில் வந்து முட்டி நின்று, மறுபடி புறப்படும் நடை வேண்டும். நாட்டு மக்கள் முன்னரே அந்த மெட்டுக்களை வைத்திருந்தனர். ரெட்டியார் செய்தது யாதெனில், ஆதீனத்திலே கற்ற சொல்வளம் முழுவதையும் அந்த நடைக்குள் இறக்கியதுதான். அடியின் நடுவிலும் முடிவிலும் இயைபுச் சொற்கள் தொங்கல் தொங்கலாக ஆடும். ஒவ்வொரு தொங்கலும் ஓரடி வைக்கும் இடம். பொருளறியாதவனுக்கும் கால் எழும்; பொருளறிந்தவனுக்கோ கழுகுமலையின் சோலையும் வண்டும் மாட வீதியும் கண்ணெதிரே வரும். முருகன்மேற் காதல் கொண்ட தலைவி தோழியிடம் முறையிடும் பாட்டுக்களும் இவற்றுள் உண்டு. கோயிற் பாட்டில் இத்துணைச் சிருங்காரம் எதற்கு என்று முகஞ்சுளிக்கும் பெரியோரை நான் கண்டதுண்டு. அதை நீக்கினால் எஞ்சுவது வெறும் தாளமே என்பது என் எண்ணம்.

செஞ்சுருட்டி இராகம் காதில் விழுந்தவுடனே காவடிச்சிந்தை நினைப்பவர் பலர். இரசிகமணி டி. கே. சி. இப்பாடல்களில் பெரிதும் ஈடுபட்டிருந்தார். கழுகுமலைக் கோயிலைத் தன் ஆளுகையில் வைத்திருந்தது எட்டயபுரம் ஜமீன். அந்த எட்டயபுரத்திலேதான் 1882இல் பாரதியார் பிறந்தார். சிந்து என்னும் வடிவத்தை அவர் தம் உரிமைப் பொருள்போல் எடுத்தாண்டதில் வியப்பில்லை. அந்த மண்ணின் காற்றிலேயே அது இருந்தது.

பாரதியார் பத்து வயதை எட்டாத சிறுவராய் இருந்தபோதே ரெட்டியார் மறைந்துவிட்டார். ஆண்டு 1891. அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பர். மணமாகிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன.

எங்கள் வன்னியிலே அருவிவெட்டுக்குச் சிந்துண்டு. பண்டிப் பள்ளு உண்டு. குருவிப் பள்ளு உண்டு. பாடினவர் பெயர் எதற்கும் இல்லை. வயலுக்கும் காட்டுக்கும் உரிய பாட்டு அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் கேட்டுப் பழகியவர்கள். காவடிச்சிந்தையும் அந்த வரிசையிலேதான் வைத்திருந்தோம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் வற்றாப்பளையில் தங்கும்போது அவர்களிற் சிலரும் இதைப் பாடக் கேட்டிருக்கிறேன். புலவர் தம் ஊரையும் பெயரையும் பாட்டுக்குள்ளேயே முடிந்து வைத்திருந்தும், எங்கள் செவிக்கு அது எட்டவில்லை.

நான் முன்னர்க் கூறிய அப்புவிடம் தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்று இருந்தது. பாட்டுக்கள் யாவும் அதிலே தம் கையால் எழுதி வைத்திருந்தார். 2009ஆம் ஆண்டு இடப்பெயர்விலே அது போயிற்று. என் வீட்டுப் புத்தகங்களும் போயின. அவ்வாண்டு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலே அவரை மீண்டும் கண்டேன். மாலை வேளையிற் கூடாரத்தின் முன்னே அமர்ந்து, பேரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தாளம் தட்டிச் சிந்து பாடிக்கொண்டிருந்தார். சொல் ஒன்றும் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் அந்தப் பிள்ளை, இது நாங்கள் இருக்கிற செட்டிகுளமா என்று கேட்டது. அப்பு பழைய விடையையே சொன்னார்.

அப்போதுதான் நான் அவருக்குச் சென்னிகுளத்தைப் பற்றிச் சொன்னேன். ஜமீன்தாரையும் கழுகுமலையையும் வழிநடையையும் பற்றிச் சொன்னேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடிய பாட்டுக்கு ஆள் ஒருவர் இருந்தார் என்பதை அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. என்ன வயதிற் செத்தவர் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய மூத்த மகனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவன் அவ்வாண்டு அவரோடு முகாமுக்கு வந்து சேரவில்லை.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, பெயர் வருகிற அந்தக் கடைசிக் கண்ணியை மட்டும், தாளம் தட்டாமல், மெதுவாக மறுபடி பாடினார்.