பெயர்களை வரைந்தவர்

உருசிய நாட்டின் கிழக்குக் கோடியில், பசிபிக் கடலை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டு கிடப்பது சிகோட்டே-அலின் மலைத்தொடர். புலிகள் உலவும் அடர்ந்த அடவி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் உட்பகுதி, நிலவரைபடங்களில் பெரிதும் வெற்றிடமாகவே இருந்தது. அதனை நிரப்பப் புறப்பட்டவர் விளாடிமிர் ஆர்சென்யெவ்.

1872இல் பீட்டர்ஸ்பர்க் நகரில், இருப்புப்பாதை அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், படை அதிகாரியாகி 1900இல் விளாடிவொஸ்தோக் வந்தடைந்தார். 1904-05இல் சப்பானுடன் நிகழ்ந்த போரில் உருசியா தோற்றபின், அம்மலைகளின் கணவாய்களையும் ஆற்றுவழிகளையும் அறிவது படைத்துறைக்கு இன்றியமையாததாயிற்று. 1906 முதல் 1910 வரை ஆர்சென்யெவ் பெரும் பயணங்களை மேற்கொண்டு வழிகளை அளந்தார். ஆறுகளுக்கும் மலைகளுக்கும் உதெகே மக்களும் சீனரும் வழங்கிவந்த பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். படைக்கென வரையப்புகுந்த படம், அந்நிலத்து மாந்தரின் சொல்லேடாகவும் வளர்ந்தது.

1906இல் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் நானாய் இன வேட்டுவர் தெர்சு உசாலா. எழுத்தறியாத அவர், அடிச்சுவட்டிலும் ஒடிந்த கிளையிலும் காட்டைப் படித்தவர். முதுமையில் பார்வை மங்கிய அவரை ஆர்சென்யெவ் கபரோவ்ஸ்க் நகரிலிருந்த தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். விறகுக்கும் நீருக்கும் விலை கேட்கும் நகர வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. 1908இல் காட்டை நாடிச் சென்றவர் வழியிலேயே கொலையுண்டார். அவரை அடக்கம் செய்த இடத்திற்கு 1910இல் ஆர்சென்யெவ் மீண்டும் சென்றபோது, அடையாள மரங்கள் வெட்டுண்டு, கல்லுடைக்கும் களமும் குடியிருப்பும் தோன்றியிருந்தன. மலைத்தொடரையே அளந்தவரால் நண்பரின் கல்லறையைக் கண்டறிய இயலவில்லை.

அவ்விழப்பு எழுத்தாயிற்று. 1921இல் உசூரி நிலப் பயண நூலும், 1923இல் நண்பரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூலும் வெளிவந்தன. சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1975இல் அக்கதையைத் திரைப்படமாக்கினார்.

ஆர்சென்யெவ் 1930இல் மறைந்தார். அவர்தம் துணைவியார் 1938இல், ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் அதே அரசு அவருக்குச் சிறப்புச் செய்தது; 1952இல் ஓர் ஊருக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. 1969இல் சீன எல்லையில் மோதல் மூண்டதையடுத்து, 1972இல் அவ்வட்டாரத்தின் சீனச் சாயலுள்ள பெயர்கள் பெருமளவில் மாற்றப்பட்டன. தெத்யுஹே என்னும் ஊர் தால்னெகோர்ஸ்க் ஆயிற்று. இமான் ஆறு பெரிய உசூர்க்கா ஆயிற்று. தௌபிஹே என்னும் ஆற்றுக்கு வைத்த புதுப்பெயர் ஆர்சென்யெவ்கா.

பழம்பெயர்களைத் தேடித் தொகுத்தவரின் பெயராலேயே ஒரு பழம்பெயர் அழிந்தது. எனினும் தௌபிஹே இன்றும் வழங்கும் ஓரிடம் உண்டு. அது அவர் எழுதிய நூல்கள்.