தராசில் அடங்காத வேலை: நகைக் கலைஞர் கார்ல் ஃபபெர்ஜேயின் வாழ்வு

1918ஆம் ஆண்டு. ரஷ்யாவின் பெற்றோகிராட் நகரில், பொல்ஷாயா மொர்ஸ்காயா வீதியில் இருந்த புகழ்பெற்ற நகை நிறுவனத்தைப் புரட்சி அரசு பொறுப்பெடுத்தது. தொப்பியையும் மேலங்கியையும் எடுத்துக்கொள்ள அதன் உரிமையாளர் பத்து நிமிட அவகாசம் மட்டும் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அப்போது அவருக்கு வயது 72. பெயர் பீற்றர் கார்ல் ஃபபெர்ஜே. உடுத்த உடுப்போடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தின் கனம் தெரியும்.

இடப்பெயர்வு அவரது குடும்பத்துக்குப் புதிதல்ல. ஃபபெர்ஜேயின் முன்னோர் பிரான்சின் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். 1685இல் அவர்களின் வழிபாட்டு உரிமை பறிக்கப்பட்ட பின்னர் நாட்டை விட்டு ஓடியவர்கள். தலைமுறைகள் கடந்து ரஷ்யப் பேரரசை வந்தடைந்தார்கள். தந்தை குஸ்ராவ் 1842இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் சிறிய நகைக்கடை ஒன்றைத் திறந்தார். 1846இல் கார்ல் பிறந்தார். இளவயதில் ஐரோப்பிய நகரங்களில் தொழில் பழகித் திரும்பியவர், 1872இல் கடையைக் கையேற்றார். ஹெர்மிற்றேஜ் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய நகைகளைச் சம்பளமின்றித் திருத்திக் கொடுத்தார். அங்கேதான் பண்டைய கைவேலையின் நுட்பங்கள் அவருக்குப் பிடிபட்டன.

அக்காலத்துப் பணக்காரர்கள் கல்லின் பருமனைப் பார்த்தே நகையை மதித்தார்கள். ஃபபெர்ஜேயின் எண்ணம் வேறு. பெரிய வைரம் பதித்துவிட்டால் மட்டும் ஒரு நகை உயர்ந்ததாகிவிடாது, வடிவமும் வேலைத்திறனும்தான் அதன் பெறுமதி என்று அவர் நம்பினார். தங்கத்தில் நுண்ணிய கோடுகளைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, சூளையில் சுட்டு, மறுபடி பூசி, மறுபடி சுடுகின்ற எனாமல் வேலையில் அவரது பட்டறை நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்களைக் கண்டது. ஒரு தடவை சூடு பிழைத்தால் முழு வேலையும் வீண்.

1885இல் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர், உயிர்த்த ஞாயிறன்று தன் மனைவிக்குக் கொடுக்க ஒரு பரிசைச் செய்யச் சொன்னார். பார்வைக்கு அது ஒரு வெள்ளை முட்டை. திறந்தால் தங்க மஞ்சட்கரு. அதற்குள் ஒரு தங்கக் கோழி. அரசிக்கு அது மிகவும் பிடித்துப்போக, ஆண்டுதோறும் ஒரு முட்டை செய்வது வழக்கமாயிற்று. அடுத்து வந்த இரண்டாம் நிக்கலஸ் தாய்க்கும் மனைவிக்குமாக இரண்டிரண்டு செய்வித்தார். ரஷ்ய-யப்பானியப் போர் நடந்த 1904, 1905 ஆண்டுகளில் முட்டை செய்யப்படவில்லை. மொத்தம் 50 முட்டைகள் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தன.

இவற்றை ஃபபெர்ஜே தன் கையால் செய்யவில்லை. சுமார் 500 பேர் அவரிடம் வேலை செய்தார்கள். பட்டறைத் தலைவர்களில் பலர் பின்லாந்துக்காரர். அவர்கள் தம் பெயரின் முதலெழுத்துகளை நகையில் பொறிக்க அவர் இடம் கொடுத்தார். அல்மா பில் என்ற இளம்பெண், பட்டறை யன்னலில் படிந்த உறைபனியைப் பார்த்து வரைந்த வடிவமே 1913இன் புகழ்பெற்ற ‘குளிர்கால முட்டை’. பளிங்குக் கல்லில் வைரங்களால் பனிப்பூ. உள்ளே ஒரு கூடை வெண்மலர்கள்.

மறு ஆண்டு உலகப்போர் வந்தது. தொழிலாளர் பலர் படைக்குப் போனார்கள். பட்டறை போர்த்தளபாடங்களைச் செய்யத் தொடங்கியது. 1916இன் அரச முட்டைகளில் ஒன்று உருக்கால் ஆனது. நான்கு பீரங்கிக் குண்டுகள் அதைத் தாங்கி நின்றன. 1917இல் மன்னராட்சி வீழ்ந்தது. அந்த ஆண்டின் முட்டைகள் உரியவர்களைச் சென்றடையவில்லை. அடுத்த ஆண்டு யூலையில் மன்னர் குடும்பமே கொல்லப்பட்டது.

ஃபபெர்ஜே ரயிலேறி ரீகாவுக்குத் தப்பினார். அங்கும் கலகம் தொடர, ஜேர்மனிக்குப் போனார். மனைவி ஒகஸ்ராவும் மூத்த மகன் யூஜினும் பனிச்சறுக்கு வண்டியிலும் கால்நடையாகவும் காடுகளைக் கடந்து பின்லாந்தை அடைந்தனர். இன்னொரு மகன் அகத்தோன் சிறையில் அடைக்கப்பட்டார். குடும்பம் திசைக்கொன்றாய்ச் சிதறியது. 1920 செப்ரெம்பர் 24ஆம் திகதி, சுவிற்சர்லாந்தின் லொசானில் ஃபபெர்ஜே காலமானார். பட்டறையை இழந்த பிறகு அவர் எந்த நகையும் உருவாக்கவில்லை. உருவாக்கவும் முடியாது. அவரது செல்வம் பெட்டகத்தில் இருந்த தங்கமல்ல, அருகருகே இருந்து வேலை செய்த அந்த 500 சோடிக் கைகள்.

அல்மா பில் பின்லாந்துக்குப் போய்ப் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தார். மன்னருக்கு நகை வரைந்தவர் என்பதை அவர் பல்லாண்டு காலம் பேசவேயில்லை.

புதிய அரசு பல முட்டைகளை வெளிநாட்டவருக்கு விற்றது. சில காணாமற்போயின. அவற்றில் ஒன்றை அமெரிக்காவில் பழைய உலோக வியாபாரி ஒருவர், உருக்கி விற்கும் எண்ணத்தில் சுமார் 14,000 டொலருக்கு வாங்கினார். தங்கத்தின் நிறைக்கு அவ்வளவு பெறாது என்று எவரும் அதை வாங்க முன்வரவில்லை. அதனாலேயே அது உருகாமல் தப்பியது. அது மன்னர் 1887இல் பரிசளித்த முட்டை என்ற செய்தி 2014இல் உலகுக்குத் தெரியவந்தது. அதன் மதிப்பு இலட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கான டொலர்களில் பேசப்பட்டது.

இடம்பெயர்ந்த காலத்தில் தாலிக்கொடியையும் காப்பையும் அடைவு வைத்தவர்களுக்கு அந்தத் தராசு பழக்கமானதுதான். அது பவுணை மட்டும் நிறுக்கும். செய்தவனின் கை அதில் விழாது.

1925இல் ஒகஸ்ராவும் காலமானார். 1929இல் யூஜின் தந்தையின் அஸ்தியை லொசானிலிருந்து எடுத்துச் சென்று, பிரான்சின் கான் நகரில் தாயின் அருகே அடக்கம் செய்தார். முன்னோர் உயிர்தப்பி ஓடிய நாடு அது. ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்குப் பின், அந்தக் குடும்பத்தில் ஒருவர் அந்த மண்ணுக்குத் திரும்பியிருந்தார்.