உராய்வை அளந்தவர்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் நாள்களில், ஐயப்பன்தாங்கலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் சிறு கூட்டம் கூடிவிடும். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே ஒரு செம்பொறி எழுந்து, கடல் பக்கமாகச் சாய்ந்து மறைவதைக் காணலாம். சிறுவர்கள் கைதட்டுவார்கள், பெரியவர்கள் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். மறுநாள் செய்திகளில் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்ற பெயர் தவறாமல் இடம்பெறும். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், படித்தவர்களில்கூடப் பலர் தயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

அவரை இப்போது நினைவுகூர வேண்டிய காரணம் ஒன்று உண்டு. ஹைப்பர்சானிக் என்னும் சொல் அண்மைக்காலமாக நாளிதழ்களில் அடிக்கடி தென்படுகிறது. ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பறப்பதை அது குறிக்கும். 2024 நவம்பரில் ஒடிசா கடற்கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவிலிருந்து நீண்ட தூர ஹைப்பர்சானிக் ஏவுகணையை இந்தியா சோதித்தபோது, எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசினர். ஆனால், வேகம் மட்டுமே இங்கு சிக்கல் அன்று. நம் ராக்கெட்டுகள் நெடுங்காலமாகவே அந்த வேகத்தைக் கடந்து வருகின்றன. காற்று மிகவும் அருகிப்போன உயரத்தில் கடக்கின்றன. காற்று மண்டலத்துக்குள்ளேயே அந்த வேகத்தில் நிமிடக் கணக்கில் பறப்பதுதான் கடினம். அங்கே எதிரி, விமானத்தின் மேற்பரப்பை உரசிச் செல்லும் காற்று. அந்த உராய்வை அளப்பதில் தன் ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கியவர் சதீஷ் தவான்.

1920 செப்டம்பர் 25 அன்று ஸ்ரீநகரில் பிறந்தவர் அவர். தந்தை நீதித்துறையில் பணியாற்றியவர். லாகூரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று பட்டம் பெற்றார். அடுத்து ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. அதன்பின் 1945-இல் இயந்திரப் பொறியியல் பட்டம். மூன்று பட்டங்களும் மூன்று திசைகள். பதினேழு வயதிலேயே ஒரே பாடத்துக்குள் பிள்ளைகளை அடைத்துவிடும் இன்றைய பெற்றோர்களுக்கு இந்த வரிசை வியப்பளிக்கக்கூடும். பிறகு அமெரிக்கா சென்று, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1947-இல் முதுநிலைப் பட்டமும், கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் ஹான்ஸ் லீப்மன் வழிகாட்டுதலில் 1951-இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

விமானத்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய ஒரு காற்றுப் படலம் உண்டு. மேற்பரப்பைத் தொடும் இடத்தில் காற்று நின்றுவிடுகிறது. சற்றுத் தள்ளி முழு வேகத்தில் பாய்கிறது. இந்த இடைப்பட்ட படலத்தில்தான் உராய்வு பிறக்கிறது. அதன் அளவை அதுவரை பெரும்பாலும் கணக்கீட்டின் வழியாகவும் மறைமுக அளவீடுகளின் வழியாகவுமே அறிந்துவந்தனர். தவான் அதை நேரடியாக அளக்க முற்பட்டார். சோதனைச் சுவரின் ஒரு சிறு துண்டைத் தனியே பிரித்து, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு அசையும்படி அமைத்தார். காற்று அதை இழுக்கும்போது ஏற்படும் மிக நுண்ணிய நகர்வை மின்கருவியால் அளந்தார். ஒலியின் வேகத்துக்குக் கீழேயும் மேலேயும் அக்கருவி பயன்பட்டது. அதே காலத்தில் லீப்மன், அனடோல் ரோஷ்கோ ஆகியோருடன் சேர்ந்து, அதிர்ச்சி அலைகள் இந்தக் காற்றுப் படலத்தின்மீது மோதும்போது என்ன நிகழ்கிறது என்பதையும் ஆராய்ந்தார்.

இந்த இரு கேள்விகளும் ஹைப்பர்சானிக் பொறியியலின் அடித்தளமாக இன்றும் நிற்கின்றன. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 45 டிகிரி அளவில் இருக்கும். ஆனால், ஒலியைவிட ஆறு மடங்கு வேகத்தில் செல்லும் ஊர்தியின் முனையில் தடுத்து நிறுத்தப்படும் அதே காற்று ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டுகிறது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரே உயரத்தில் பறக்கும்போது, வெப்பம் வந்து சேரும் வீதம் வேகத்தின் மும்மடிக்கு நெருக்கமாக உயர்கிறது. அதாவது, வேகம் இரட்டித்தால் வெப்பம் எட்டு மடங்காகும். பொருளியலில் இறுதிநிலைச் செலவு என்று ஒன்றைக் கற்பிப்போம்; கூடுதலாக ஓர் அலகைப் பெறக் கொடுக்க வேண்டிய விலை அது. அந்த விலை இவ்வளவு செங்குத்தாக ஏறும் துறை வேறு ஏதும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அதிர்ச்சி அலையின் கொடுமைக்கும் ஒரு சான்று உண்டு. 1967 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானம் மணிக்கு 7,274 கிலோமீட்டர் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தது. அதன் அடிப்பகுதியில் ஒரு மாதிரி எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலைகள், அதைத் தாங்கிய பகுதியில் துளைகள் விழுமளவுக்கு வெப்பத்தைக் குவித்தன. மாதிரி எஞ்சின் கழன்று விழுந்தது. விமானி உயிருடன் தரையிறங்கினார். அந்த விமானம் மீண்டும் பறக்கவே இல்லை. அதிர்ச்சி அலையும் காற்றுப் படலமும் சந்திக்கும் இடத்தைப் பற்றி 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வகத்தில் ஆராய்ந்தது ஏட்டுக் கல்வி அன்று என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

அமெரிக்காவில் தங்கியிருந்தால் தவானுக்கு வசதிகளுக்குக் குறைவிருந்திருக்காது. ஆயினும் 1951-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். 1955-இல் விமானப் பொறியியல் துறையின் தலைவரானார். நாட்டின் முதல் சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கம் அங்கே அவரது முயற்சியால் உருவானது. அது அளவில் மிகச் சிறியது. ஆனால், வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கிய கருவி அன்று. மாணவர்களும் பணிமனைத் தொழிலாளர்களும் தம் கையால் அமைத்தது. கருவியைக் கட்டத் தெரிந்தவனுக்கே அது எங்கே பொய் சொல்லும் என்று தெரியும். அந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்கள்தாம் பிற்காலத்தில் பெரிய காற்றுச் சுரங்கங்களை வடிவமைத்தனர். தேசிய விமானவியல் ஆய்வகத்தில் 1967-இல் செயல்படத் தொடங்கிய 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கத்திலும் அவரது பங்கு உண்டு. இன்று வரை நம் ராக்கெட்டுகளின் மாதிரிகள் அங்கே சோதிக்கப்படுகின்றன.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ரொத்தம் நரசிம்மா. இருவரும் சேர்ந்து 1958-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, சீராக வழுக்கிச் செல்லும் காற்றுப் படலம் எவ்வாறு கொந்தளிப்பாக மாறுகிறது என்பதை விளக்க முயன்றது. ஹைப்பர்சானிக் ஊர்தி வடிவமைப்பில் மிகவும் அஞ்சப்படும் கேள்வி இதுவே. படலம் சீராக இருக்கும்வரை தாங்கக்கூடிய வெப்பம், கொந்தளிப்பு தொடங்கியதும் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. அது எந்த இடத்தில் தொடங்கும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாததால், பொறியாளர்கள் வெப்பக் கவசத்தைத் தேவைக்கும் கூடுதலாகச் சுமக்கச் செய்கிறார்கள். அறியாமையின் எடை அங்கே கிலோகிராமில் கணக்கிடப்படுகிறது.

1962-இல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான தவான், 1981 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஹைப்பர்சானிக் ஓட்டத்தை மில்லி விநாடிக் கணக்கில் உருவாக்கி ஆராயும் அதிர்ச்சிச் சுரங்கம் 1970-களில் அங்கே அமைந்தது. அத்தகைய ஊர்தி எதையும் செலுத்தும் திட்டம் அப்போது நம்மிடம் இல்லை. ஆனாலும் அந்த ஓட்டத்தை அறிந்தவர்கள் உருவாகத் தொடங்கிவிட்டனர்.

1971 டிசம்பர் இறுதியில் விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். அப்போது கலிஃபோர்னியாவில் விடுப்பில் இருந்த தவானை இந்திரா காந்தி அழைத்தார். அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: விண்வெளி அமைப்பின் தலைமையகம் பெங்களூருவில் அமைய வேண்டும், தான் இந்திய அறிவியல் நிறுவன இயக்குநராகவும் நீடிக்க வேண்டும். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972 முதல் 1984 வரை இஸ்ரோவுக்குத் தலைமை வகித்தார். வகுப்பறையையும் ஏவுதளத்தையும் ஒரே மனிதர் கவனித்துக்கொண்டதால், அடிப்படை ஆராய்ச்சிக்கும் பயன்பாட்டுக்கும் இடையே சுவர் எழவில்லை.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோல்வியடைந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்ததே காரணம். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அப்போது கல்லூரி மாணவனாக இருந்த நானும் நண்பர்களும் தேநீர்க் கடையில் அதைக் கேலி பேசியது நினைவிருக்கிறது. ஏழை நாடு கடலில் காசைக் கொட்டுகிறது என்பது எங்கள் வாதம். பொருளியல் படிக்கிறோம் என்ற செருக்கு வேறு. அன்று திட்ட இயக்குநராக இருந்தவர் அப்துல் கலாம். செய்தியாளர்கள்முன் அவரை நிறுத்தாமல், தவானே அமர்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். தன் குழுவின்மீது நம்பிக்கை தெரிவித்தார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வென்று, 35 கிலோ எடையுள்ள ரோகிணி சுற்றுப்பாதையில் நிலைபெற்றது. அன்று செய்தியாளர் சந்திப்புக்குக் கலாமை அனுப்பிவைத்தார். கலாம் தன் வாழ்நாள் முழுவதும் இந்த நிகழ்வைச் சொல்லிவந்தார்.

இதை ஒரு நல்ல மனிதரின் பெருந்தன்மையாக மட்டும் போற்றுவது போதாது. தோல்வியைச் செலவுக் கணக்கில் எழுதுவதா, முதலீட்டுக் கணக்கில் எழுதுவதா என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. தண்டனைக்கு அஞ்சும் பொறியாளர் கசிவை மறைப்பார். அஞ்சாதவர் கசிவைச் சொல்வார். ஹைப்பர்சானிக் துறையில் இந்த வேறுபாடு உயிரை விலையாகக் கேட்கும். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் தரை திரும்பும்போது, இடது இறக்கையின் முகப்பில் ஏற்பட்டிருந்த ஓட்டை வழியே வெப்பக் காற்று புகுந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். சேதம் குறித்துப் பொறியாளர்கள் எழுப்பிய கவலை மேல்மட்டத்தில் உரிய மதிப்பைப் பெறவில்லை என்பதை விசாரணைக் குழு பதிவு செய்தது.

கலாம் 1982-இல் ஹைதராபாதில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்துக்குச் சென்றார். ஹைப்பர்சானிக் முயற்சிகள் இன்று அந்த ஆய்வகம், இஸ்ரோ என இரு கிளைகளாக நடைபெறுகின்றன. 2007 ஜனவரியில் இஸ்ரோவின் மீட்புக் கலம் வெப்பக் கவச ஓடுகளின் காப்புடன் திரும்பி வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. 2016 மே மாதம், இறக்கை கொண்ட மறுபயன்பாட்டு ஊர்தியின் மாதிரி ஒலியைவிட ஐந்து மடங்கு வேகத்தில் இறங்கிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்கிராம்ஜெட் எஞ்சின் சோதிக்கப்பட்டது.

இந்த எஞ்சின், எரிபொருளை எரிக்கத் தேவையான ஆக்சிஜனைச் சுமந்து செல்லாமல், பாய்ந்து வரும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனால், எஞ்சினுக்குள்ளும் காற்று ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடும். மில்லி விநாடிக் கணக்கில் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். கார்த்திகை தீபத்தன்று போரூர் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசும்போது, எங்கள் மாடியில் அகல்விளக்கை மாடத்துக்குள் வைப்போம். அந்த மறைவில் சுடர் அணையாமல் நிற்கும். ஸ்கிராம்ஜெட் எஞ்சினின் சுவரிலும் இப்படிச் சிறு குழிவுகள் அமைக்கப்படுவதுண்டு. அங்கே சுழலும் காற்றில் சுடர் நிலைக்கும். 2016 சோதனையில் அந்தச் சுடர் நின்றது ஐந்து விநாடிகள். 2020 செப்டம்பரில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊர்தி இருபது விநாடிகளுக்கு மேல் பறந்தது. 2025 ஏப்ரலில் ஹைதராபாதில், குளிரூட்டப்பட்ட எரியறை தரையில் ஆயிரம் விநாடிகளைக் கடந்தது. சுருங்கச் சொன்னால், சுவர் வெப்பத்தைத் தாங்கும் கால அளவே இத்துறையின் முன்னேற்றத்தை அளக்கும் கோல்.

எனவேதான் கவலையும் எழுகிறது. ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு இந்தியா செலவிடுவது 2020-21 நிலவரப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு மட்டுமே. விண்வெளி, பாதுகாப்பு, அணுசக்தித் துறைகளுக்குச் சென்றது போக, பல்கலைக்கழகங்களை எட்டுவது சொற்பம். ஏவுகணைக்கு நிதி கிடைக்கும். காற்றுப் படலத்தைப் பற்றி யோசிக்கும் இருபத்தைந்து வயது மாணவிக்கு உதவித்தொகை கிடைக்குமா என்பதே கேள்வி. தவானின் கருவி எந்த ஏவுகணைக்காகவும் செய்யப்பட்டதன்று. ஆனால், அதுபோன்ற அறிவு இல்லாமல் எந்த ஹைப்பர்சானிக் ஊர்தியும் எழ முடியாது. பயன் கனிய அரை நூற்றாண்டு எடுக்கும் முதலீட்டைச் சந்தை செய்யாது. அரசுதான் செய்ய வேண்டும். தேநீர்க் கடையில் நான் பேசிய வாதத்துக்கு இந்த வயதில் நான் அளிக்கும் விடை இது.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவை அணைத்துக் கிடக்கும் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் வந்திறங்குவதை தவான் விரும்பிப் பார்ப்பார். பறவைகள் பறக்கும் விதத்தைப் பற்றி 1991-இல் ஒரு நூலும் எழுதினார். 2002 ஜனவரி 3 அன்று பெங்களூருவில் காலமானார். அதே ஆண்டு ஏவுதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த முறை வடக்கு வானில் செம்பொறி எழும்போது, மாடியில் நிற்கும் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிச் சொல்ல எண்ணியிருக்கிறேன். சுவரில் ஒரு சிறு துண்டைப் பிரித்துவைத்து, காற்று அதை எவ்வளவு இழுக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் கதையாக அதைச் சொல்வேன்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)