ஒரு குளம், ஒரு நகராட்சி, 10 வருஷ வழக்கு... அம்பேத்கர் வாழ்க்கையை மாற்றிய மகாட்!

உங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்பை ஒருமுறை ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. மூணு நாளா குழாயில தண்ணி வரலை, தெருவிளக்கு எரியலை, குப்பை வண்டி வரலை... இப்படி வரிசையா புகார் இருக்கும். கீழே யாராவது ஒருத்தர் வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டிருப்பார். அவரும் ஒரு கும்பிடு எமோஜி போட்டு, அடுத்த கூட்டத்துல பேசுறேன்னு பதில் சொல்லியிருப்பார்.

சரி, கூட்டத்துல பேசி தீர்மானமும் நிறைவேறிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. உடனே தண்ணி வந்துடுமா?

கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன்னாடி, கொங்கண் பகுதியில் இருக்கும் மகாட் என்ற சின்ன ஊரில் இதே கேள்வி வந்தது. அந்த ஊர் நகராட்சி ஒரு நல்ல தீர்மானம் போட்டது. ஆனா, ஊர் அதை மதிக்கலை. அந்தத் தீர்மானத்தை நிஜமாக்கக் கிளம்பியவர், அப்போது 35 வயதான ஒரு வக்கீல். அவர்தான் டாக்டர் பீமாராவ் அம்பேத்கர்.

அவரை அரசியலமைப்புச் சட்டத்தோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். நீல நிற கோட், கையில் புத்தகம், தெருமுனைச் சிலை. ஆனா, அவருடைய வாழ்க்கைக் கதையை ஒரு டம்ளர் தண்ணீரை வெச்சே சொல்லிடலாம்.

பியூன் வரலைன்னா தண்ணி இல்லை

1891 ஏப்ரல் 14, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் அம்பேத்கர். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். அம்மா பீமாபாய். வீட்டுக்கு 14-வது பிள்ளை. குடும்பத்தின் பூர்வீகம் கொங்கண் பகுதியில் உள்ள அம்பாடவே கிராமம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகார் சமூகம் அவர்களுடையது.

சதாராவில் பள்ளிக்கூடம். வகுப்பில் மற்ற பசங்களோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியில் தனியாக உட்காரணும், சாயங்காலம் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். தாகம் எடுத்தால் தானே போய்க் குழாயைத் திறக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து திறந்துவிடணும். பியூன் வரலைன்னா அன்னிக்கு தண்ணி கிடையாது. அவ்ளோதான்.

1901-ல் நடந்த ஒரு பயணத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, அண்ணன் மற்றும் அக்கா பிள்ளைகளோடு ரயிலேறினார். ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரலை. அவங்க போட்ட கடிதம் அப்பா கைக்கே போய்ச் சேரலை. சாதி தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மாட்டேன் என்றார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, வண்டியைப் பசங்களே ஓட்டிக்கொண்டு போக, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். கையில் சாப்பாடு இருந்தது, ஆனா குடிக்க நல்ல தண்ணி இல்லை. வழியில் சுங்கச் சாவடியில், தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டு தண்ணி கேட்டுப் பார்த்தார். அப்பவும் கிடைக்கலை. அன்றிரவு எல்லோரும் பட்டினியாகவே படுத்தார்கள். அப்போ அவருக்கு வயது சுமார் பத்து.

பட்டம் வாங்கியும் பானை தொட முடியலை

1907-ல் மெட்ரிக், 1912-ல் பி.ஏ. அடுத்து பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், பிறகு லண்டன். 1917-ல் இந்தியா திரும்பி பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு, அந்த ஊரில் தங்க ஒரு வீடு கிடைக்கலை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். விஷயம் தெரிந்து, கையில் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள்.

அடுத்த வருஷம் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அங்கேயும், ஆசிரியர்களுக்கான பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். சதாரா பள்ளிக்கூடத்துக்கும் பம்பாய் கல்லூரிக்கும் நடுவில் இரண்டு கண்டங்களில் படித்து முடித்துவிட்டார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் எதுவுமே மாறலை.

மறுபடி லண்டன் போய், டி.எஸ்சி பட்டமும் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923-ல் திரும்பினார்.

தீர்மானம் இருக்கு, தைரியம் இல்லை

அவர் திரும்பிய அதே வருஷம் ஆகஸ்ட் மாதம், பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கிற குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். இதைப் பின்பற்றி 1924 ஜனவரியில் மகாட் நகராட்சியும், தன் வசம் இருந்த சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது.

பேப்பரில் குளம் திறந்தாச்சு. ஆனா மூணு வருஷம் ஆகியும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருத்தர்கூட அதில் இறங்கலை. இறங்கினால் அடி விழும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் அந்தத் தண்ணீரை எடுக்கலாம். ஆடு மாடுகூடக் குடிக்கலாம். இவர்கள் மட்டும் தொடக்கூடாது.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாடில் கொலாபா மாவட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் மாநாடு கூடியது. ஆர்.பி.மோரே போன்ற உள்ளூர் இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் திரட்டினார்கள். நகராட்சித் தலைவர் சுரேந்திரநாத் டிப்னிஸ், அனந்த சித்ரே, சகஸ்ரபுத்தே என்று ஆதிக்க சாதிகளில் பிறந்த சிலரும் கூட நின்றார்கள். மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணுமே... அதை 40 ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்கினார்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய குளம் நிறைய தண்ணி இருக்கும்போது!

இரண்டாம் நாள், அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நடந்து குளத்துக்குப் போனார்கள். அவர் குனிந்து தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. அடுத்து வீரேஸ்வர் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று. ஃபார்வர்டு மெசேஜ் இல்லாத காலம்தான், ஆனா வதந்தி வேகமாகத்தான் பரவியது. ஒரு கும்பல் தடிகளோடு வந்து, பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தது. பலருக்குக் காயம். மாநாட்டுக்கு வந்தவர்களில் முன்னாள் ராணுவ வீரர்களும் இருந்தார்கள், திருப்பி அடிக்க அவர்களால் முடியும். ஆனா, அம்பேத்கர் அனுமதிக்கலை. சட்டப்படி தங்கள் பக்கம் இருக்கும் உரிமையை ஒரு கலவரத்தில் தொலைக்க அவர் தயாராக இல்லை.

அதுக்கப்புறம் குளத்துக்குத் தீட்டுக் கழிக்கிற சடங்கு நடந்தது. பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்தில் ஊற்றி, மந்திரம் சொல்லி, தண்ணி சுத்தமாகிவிட்டதாக அறிவித்தார்கள்.

பின்வாங்கிய கவுன்சில்

இந்தக் கதையில் ரொம்ப வலிக்கிற இடம் அடுத்துதான் வருது. 1927 ஆகஸ்ட் 4-ம் தேதி, மகாட் நகராட்சி கூடி, 1924-ல் போட்ட தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. ஊர்க்காரர்களின் அழுத்தத்துக்கு முன்னால் கவுன்சில் பின்வாங்கிவிட்டது.

அம்பேத்கர் விடலை. டிசம்பரில் மறுபடி மகாடில் கூடுவோம் என்று அறிவித்தார். ஆதிக்க சாதியினர் கோர்ட்டுக்குப் போய், அது தனியார் குளம் என்று வாதாடி, தற்காலிகத் தடை உத்தரவு வாங்கினார்கள். மாநாடு நடத்த ஊரில் இடம் கிடைக்கலை. ஃபத்தே கான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். டிசம்பர் 25 அன்று இரவு, அங்கேதான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது.

குளத்தில் இறங்கலாமா, வேண்டாமா? கூட்டத்தில் பெரிய விவாதம். ஜெயிலுக்குப் போகவும் பலர் தயாராக இருந்தார்கள். கடைசியில், கோர்ட் தீர்ப்பு வரும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் போய்விட்டுத் திரும்பினார்கள். மாதக்கணக்காகக் காத்திருந்து, தண்ணி கண்ணுக்கு முன்னாடி இருந்தும் தொடாமல் திரும்புவது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

வழக்கு உள்ளூர் கோர்ட்டில் ஆரம்பித்து, அப்பீல் மேல் அப்பீலாகப் போனது. 1937 மார்ச் 17-ம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. ஒடுக்கப்பட்ட மக்களை விலக்கிவைப்பது நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து வரும் வழக்கம் என்பதை எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. தண்ணீர் குடித்த அந்த மார்ச் மாதத்திலிருந்து எண்ணினால் சரியாக 10 வருஷம்.

குளம் சட்டத்துக்குள் வந்த கதை

இதற்கிடையில் அம்பேத்கரின் உலகம் ரொம்பப் பெரிதாகிவிட்டது. லண்டன் வட்டமேஜை மாநாடுகள், 1932-ல் பூனா ஒப்பந்தம், 1942 முதல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை. நீர்ப்பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையின் கீழ்தான் வந்தன. தாமோதர், மகாநதி பள்ளத்தாக்குத் திட்டங்களின் தொடக்க வேலைகள் அப்போது நடந்தன. ஒரு காலத்தில் ஒரு வாய்த் தண்ணி கிடைக்காத பையன், நாட்டின் நதிகளைப் பற்றித் திட்டமிடும் பொறுப்பில் உட்கார்ந்தார்.

1947-ல் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் ஆனார். ஊராட்சிகளை நாட்டின் அடித்தளமாக வைக்கணும் என்று பலர் கேட்டபோது அவர் ஒப்புக்கொள்ளலை. கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் சாதியும் ஊறிய இடம் என்பது அவர் பார்வை. சொந்த ஊர்க்காரர்கள் கூடி முடிவெடுத்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்று அவரால் நம்ப முடியாததற்கு, மகாடும் ஒரு காரணமாக இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

அரசியலமைப்பின் 15-வது பிரிவை இப்பவே மொபைலில் தேடிப் படிச்சுப் பாருங்க. மதம், சாதி, பாலினம் போன்ற காரணங்களைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் இருக்கு. கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் பேர் சொல்லியே வரும். நாட்டின் உச்ச சட்டத்தில் குளத்துக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டால், மகாட் கதையைச் சொல்லுங்க.

1956 டிசம்பர் 6-ம் தேதி அம்பேத்கர் மறைந்தார். சவதார் குளம் இன்றும் மகாடில் இருக்கு. வருஷா வருஷம் மார்ச் 20 அன்று மக்கள் அங்கே கூடுகிறார்கள்.

அடுத்த தடவை உங்க ஊர் கிராம சபையிலோ, வார்டு கூட்டத்திலோ, தீர்மானம் போட்டாச்சுன்னு யாராவது சொன்னா, கைதட்டிட்டுக் கிளம்பிடாதீங்க. எப்போ நடைமுறைக்கு வரும், யார் பொறுப்பு, யாருக்கெல்லாம் கிடைக்கும்னு கேட்டுட்டு வாங்க. மகாட் தீர்மானம் மூணு வருஷம் பேப்பரிலேயே கிடந்தது. குளம் வரைக்கும் நடந்துபோனது மக்கள்தான்.