தீர்ப்புத் தமிழ் கண்ட வேதநாயகர்

தமிழின் முதல் புதினத்தை அளித்தவர் என்ற புகழ் மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு உண்டு. அவர்தம் உரைநடைக்கு நாற்றங்காலாக அமைந்தது நீதிமன்றம் என்பதோ அத்துணை பேசப்படுவதில்லை.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் குளத்தூரில் பிறந்த அவர், தமிழும் ஆங்கிலமும் கற்றுத் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்தார்; பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். சென்னைச் சட்டக் கல்லூரி எழுந்தது 1891இல். அவர் மறைந்து ஈராண்டு கழிந்த பின்னரே. ஆதலின், வழக்குக் கட்டுகள் நிறைந்த ஆவண அறையே அவருக்குச் சட்டப் பள்ளியாயிற்று. மொழிபெயர்ப்பு அதன் மேல்வகுப்பு எனலாம். மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைப் பிறழ உணரின் ஒருவனது நிலம் கைமாறும்; ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். சொல்லை நிறுத்து அளக்கும் பொறுப்பு அப்பணியோடு பிறந்தது.

முன்சீப் பதவியேற்றுத் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அவர் நீதி வழங்கினார். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் நிறுவப்பெற்றதும் அவ்வாண்டே. தீர்ப்பைச் சுருக்கி எழுதுதல் எளிதன்று. வழக்கின் நிகழ்ச்சி யாது, எழுந்த வினா யாது, முடிவு யாது, அம்முடிவைத் தாங்கும் காரணம் யாது என நான்கையும் பிரித்தறிந்தாலன்றி அது கைகூடாது. இன்றைய சட்ட மாணவர் வகுப்பறையில் பெறும் இப்பயிற்சியை, ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளில் தோய்ந்து அவர் தாமே பெற்றார்.

1859இல் வெளிவந்த 'நீதிநூல்' அறத்தைச் செய்யுளில் உரைத்தது. 1879இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திர'மோ, தமிழ்நாட்டு வழக்குகள் மக்கள் அறியாத ஆங்கிலத்தில் நடைபெறுவதைக் கடிந்தது. தீர்ப்பு நீதிபதிக்கும் வழக்கறிஞர்க்கும் மட்டும் உரியதன்று. தோற்றவனும் தான் தோற்ற காரணத்தைத் தன் மொழியில் அறிதல் வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் கருத்து.

1889 ஜூலை 21இல் அவர் மறைந்தார். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் மொழி இன்றும் ஆங்கிலமே. சித்தாந்த சங்கிரகம் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனை முடித்தற்குச் சட்டம் கற்றோர் மட்டும் போதார். சொல்லின் எடையறிந்த புலவரும் உடன்வருதல் வேண்டும்.